ஏழாம் நம்பர் பஸ்ஸில் யாரும் உட்கார்ந்ததில்லை

பினாங்குத் தீவில் எனக்குத் தெரிந்து ஒருநாள்கூடத் தாமதமாகப் புறப்படாத பஸ் ஒன்றே ஒன்றுதான். அதற்கு எஞ்சின் கிடையாது. சக்கரம் கிடையாது. கதவு, ஜன்னல், சீட்டு எதுவுமே கிடையாது. டிரைவர் மட்டும் உண்டு. அவர் முன்னால் நடப்பார், பயணிகள் பின்னால் நடப்பார்கள். அந்தப் பஸ்ஸுக்குப் பெயர் ஏழாம் நம்பர். அதை ஓட்டியவருக்கும் அதேதான் பெயர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் அடுக்குமாடியில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் ரூட்டைச் சொல்வார்.

இப்போது அவர் தன் மகள் குடும்பத்தோடு தீவுக்கு அக்கரையில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டுக்குக் குடிபோய்விட்டார். அங்கேயும் காலை வேளைகளில் சாலை ஓரமாக ஏதோ நடப்பதாகக் கேள்வி. விசாரிக்க எனக்குத் தைரியமில்லை. அவர் பைத்தியமா, பெரிய அறிவாளியா, இல்லை எங்கள் எல்லோரையும் வைத்து விளையாடினாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எழுதிப் பார்த்தால் புரியலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் அடுக்குமாடி மெக்காலம் தெருப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கிறது. கடலைப் பார்த்த வீடு என்றதும் பணக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். கடல் எங்கள் துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவில்தான் தெரியும். அங்கே குடியிருப்போர் சங்கம் ஒன்று உண்டு. அதற்கு நான்தான் செயலாளர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போய் விளையாட்டு அறிவியலில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நானே. பட்டமளிப்புப் படம் டிவிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் யார் நாடகம் பார்த்தாலும் என்னையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டத்துக்கு ஒரு சோதனை வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை. மூன்று மாதம் பார்ப்போம், தினமும் அரை மணி நேரம் நிற்காமல் நடந்து சர்க்கரை குறைந்தால் சரி, குறையாவிட்டால் ஊசிதான் என்று கிளினிக்கில் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு ஊசி என்றால் வெறும் ஊசி இல்லை. என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஊசி ஆரம்பித்தது, இரண்டு வருடம் கழித்து ஒரு கால் போயிற்று. ஊசியால் கால் போகவில்லை, ஊசி தாமதமானதால் போனது என்று நான் படம் வரைந்து விளக்கினேன். அம்மா கணக்கு வேறு. முதலில் ஊசி வந்தது, பிறகு கால் போனது. அன்றிலிருந்து அவர் குளித்துவிட்டு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து தன் இரண்டு பாதங்களையும் கொஞ்ச நேரம் பார்ப்பார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஆனால் நடக்க மட்டும் மாட்டேன் என்றார். லெபோ பந்தாயில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் அவருக்குத் துப்புரவு வேலை. “நாள் பூரா கூட்டுறேன், தொடைக்கிறேன், மாடி ஏறி எறங்குறேன். இதுல வேலவெட்டி இல்லாதவ மாதிரி ரோட்ல சும்மா வேற நடக்கணுமா? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?” என்று கேட்டார்.

சரி, ஊரே நடந்தால் அம்மாவும் நடப்பார் என்று நான் சங்கத்தில் ஒரு திட்டம் போட்டேன். “கடலோர ஆரோக்கிய நடை.” மூன்று மொழியில் சுவரொட்டி. இதயத் துடிப்பு அட்டவணை. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் கூட வேண்டும். முதல் ஞாயிறு பதினோரு பேர் வந்தார்கள். இலவச நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கிடையாது என்று தெரிந்ததும் ஏழு பேர் திரும்பிப் போனார்கள். இரண்டாம் ஞாயிறு நானும் சங்கத் தலைவரும் ஒரு பூனையும் நின்றோம். தலைவர் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவர், எல்லோருக்கும் சேர்மன் பாய். அவர் பூனையைப் பார்த்து, “இதையும் சேர்த்து மூணு பேர்னு மினிட்ஸ்ல எழுதிக்கம்மா” என்றார்.

அந்த வாரம்தான் ஏழாம் நம்பர் ஓட ஆரம்பித்தது.

அவர் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெளிர்நீலச் சட்டை, கழுத்தில் ஒரு சின்னத் துண்டு, பாக்கெட்டில் இரண்டு பேனா. அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அவர் ஓட்டிய ஏழாம் நம்பர் ரூட்டையே எடுத்துவிட்டார்கள். ஒருநாள் காலை அம்மா வேலைக்குப் போக வேறொரு நம்பர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். வர வேண்டிய பஸ் வரவில்லை. வந்தது இவர். சாலை ஓரமாக நடந்து வந்து, நிறுத்தத்துக்கு நேராக நின்று, வாயால் “ஷ்ஷ்ஷ்” என்று ஒரு சத்தம் எழுப்பினார். அது கதவு திறக்கும் சத்தம். பிறகு நேராகப் பார்த்தபடியே, “லெபோ பந்தாய், மணிக்கூண்டு, பாடாங் கோத்தா. ஏறுங்க தங்கச்சி” என்றார்.

அம்மா ஏறிவிட்டார்.

எப்படி ஏறினீர்கள், எதில் ஏறினீர்கள் என்று அன்று மாலை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அம்மாவுக்கு என் கேள்விதான் விளங்கவில்லை. பஸ் வரவில்லை, இவர் அந்தப் பக்கம்தான் போனார், கதவையும் திறந்துவிட்டார், ஏறாமல் என்ன செய்வது என்றார். கடல் காற்றில் அரை மணி நேரத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். நிஜப் பஸ் அவரை வழியில் தாண்டவே இல்லையாம்.

மறுநாள் மூன்று பேர் ஏறினார்கள். பத்து நாளில் பஸ் நிறைந்துவிட்டது. இது நான் கற்பனையாகச் சொல்வதில்லை, அவரே நிறைந்துவிட்டது என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பினார். அவர் ஓட்டிய பழைய பஸ்ஸில் உட்கார முப்பத்து நான்கு பேர், நிற்க இருபத்திரண்டு பேர் என்று எழுதியிருக்குமாம். இந்தப் பஸ்ஸில் சீட்டு இல்லை. ஆகவே இருபத்திரண்டு. இருபத்து மூன்றாவது ஆளாக வந்த சீன ஆன்ட்டி ஒருவர் சாலையை மேலும் கீழும் பார்த்து, பஸ் எங்கே என்று மலாயில் கேட்டார். “இதுதான்லா, ஆனா ஃபுல். அடுத்த பஸ்ல வாங்க” என்றார் இவர். ஆன்ட்டி அடுத்த பஸ்ஸுக்காக இருபது நிமிடம் நின்றுவிட்டு, சேவை சரியில்லை என்று சங்கத்தில் புகார் செய்தார். புகாரை வாங்கியது நான். எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியவில்லை.

பஸ்ஸுக்குள் ஒழுங்கு கடுமையானது. இரண்டு இரண்டு பேராக வரிசை. வயதானவர்கள் முன்னால். ஓடும் பஸ்ஸில் சாப்பிடக் கூடாது. இறங்க வேண்டியவர் தன் முன்னால் இருப்பவரின் தோளில் தட்ட வேண்டும், அவர் தனக்கு முன்னால் இருப்பவரைத் தட்ட வேண்டும். அப்படியே தட்டு கைமாறி டிரைவரின் தோளுக்குப் போகும். அதுதான் மணி. மணிக்கூண்டுச் சந்திப்பில் திரும்பும்போது அவர் நடுச்சாலை வரை போய் அகலமாக வளைவார். பின்பகுதி இடிக்கக் கூடாதாம். ஒருமுறை ஐஸ்கட்டி ஏற்றிய லாரி ஒன்று நடைபாதையை மறித்துக்கொண்டது. “கோஸ்தான்” என்று பின்னால் குரல் கொடுத்தார். எங்கள் ஊரில் வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு அதுதான் வார்த்தை. இருபத்திரண்டு பேரும் முகத்தைத் திருப்பாமல் அப்படியே பின்னால் நடந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த நாலாம் மாடி அக்கா கையை ஆட்டி, வரலாம் வரலாம் என்று வழி சொன்னார்.

நான் அக்கரையில் செபராங் ஜெயாவில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காலையில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு பெர்ரிக்குப் போகும் வழியும் அதே வெல்ட் கீ கடலோரச் சாலைதான். அந்தக் காட்சியை மோட்டாரில் இருந்தபடி பார்த்தேன். பின்னால் நடந்து வரும் கூட்டத்தின் இரண்டாவது வரிசையில் என் தாய். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டேன்.

இன்னொரு நாள் ஏழாம் நம்பரின் சிலிப்பர் வார் அறுந்துவிட்டது. மற்றவர்கள் என்றால் என்ன செய்வார்கள்? வெறுங்காலோடு நடப்பார்கள். இவர் “பிரேக்டவுன்” என்று அறிவித்தார். எல்லோரையும் ஓரமாக இறக்கிவிட்டு, பக்கத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்து, சாலையில் பழுதான லாரிக்குப் பின்னால் வைப்பார்களே, அதுபோல வரிசைக்குப் பின்னால் பத்தடி தள்ளி வைத்தார். பிறகு சிலிப்பர் வாங்கக் கடை தேடிப் போனார். நான் தலையில் அடித்துக்கொண்டது அதற்காக இல்லை. இருபத்திரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். அம்மாவின் வேலை இடம் அங்கிருந்து நூறு அடி. நடந்து போயிருக்கலாம். “பஸ் கெட்டுப்போச்சே, எப்படிப் போறது?” என்று கேட்டார் அம்மா. அன்று எல்லோரும் வேலைக்குத் தாமதம்.

தனக்குக் காய்ச்சல் வந்தபோது ஏழாம் நம்பர் டாக்டரிடம் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார், செவ்வாய்க்கிழமை பஸ் ஓடாது என்றார். அன்றுதான் நேரடியாகக் கேட்டுவிட்டேன். அங்கிள், இது நடைப்பயிற்சிதானே, உங்களை எங்கள் ஆரோக்கியத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

“நடைப்பயிற்சியா? அதெல்லாம் வேல இல்லாதவங்க பண்றது பாப்பா. நான் டியூட்டில இருக்கேன்.”

“ரூட்டைத்தான் எடுத்துட்டாங்களே அங்கிள்?”

“யார் சொன்னா? எனக்கு ரிட்டயர்மென்ட் லெட்டர் வந்திச்சு, வாங்கிக்கிட்டேன். ரூட்டை எடுத்துட்டோம்னு லெட்டர் வரலையே.”

அதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. ஓய்வு பெற்றவருக்கு எதற்கு அந்தக் கடிதம் வர வேண்டும் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

எப்படியோ அம்மா நடக்கிறார். எனக்கு அது போதும் என்று இருந்திருக்க வேண்டும். படித்தவளுக்கு அது போதாது. டாக்டரிடம் போக இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை மோட்டாரை நிறுத்திவிட்டு ஏழாம் நம்பரை முழுதாகக் கவனித்தேன். அந்தப் பஸ் நின்று நின்று போனது. பழைய ரூட்டில் எங்கெல்லாம் நிறுத்தம் இருந்ததோ அங்கெல்லாம் இவர் நின்றார். கம்பமும் இல்லை, பலகையும் இல்லை. ஐஸ் கம்பெனி நிறுத்தம் என்பார், அங்கே இப்போது வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் பெண்கள் கடைகளின் முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதைப் படிகளில் காலை நீட்டிக் கதை பேசினார்கள். நிற்காமல் அரை மணி நேரம் என்று டாக்டர் சொன்னது என்ன, இங்கே நடப்பது என்ன? இப்படி ஆடி அசைந்து போனால் அம்மாவுக்கு ஊசி நிச்சயம் என்று தோன்றியது.

நிறுத்தங்களைக் குறைக்கச் சொல்லி அவரிடம் கேட்டேன். ரூட்டை மாற்ற ஆபீஸ் லெட்டர் வேண்டும் என்றார். லெட்டர்தானே? சங்கத்தின் தாளில் நானே தட்டச்சு செய்தேன். நான்கு நிறுத்தங்கள் நீக்கப்படுகின்றன, இனி சேவை விரைவாகவும் இடைவிடாமலும் நடைபெற வேண்டும். கீழே என் கையெழுத்து. சேர்மன் பாய் படித்துப் பார்க்காமல் சங்க முத்திரையான சாப் அடித்துக் கொடுத்தார். அதை ஏழாம் நம்பர் நின்றுகொண்டே மூன்று தடவை படித்தார். அதுவரை பாப்பாவாக இருந்த நான் அந்த நிமிடம் மேடம் ஆகிவிட்டேன்.

“நாளையிலேருந்து அமல் பண்ணிடறேன், மேடம்.”

பண்ணினார். அவர் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று யாருக்குத் தெரியும்? முதல் நாள் இருபத்திரண்டு பேர் புறப்பட்டு ஏழு பேர் பாடாங் கோத்தா போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் வெல்ட் கீ நெடுகிலும் தூணுக்கு ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள், பழைய ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முன்னால் இருந்தவர் தோளைத் தட்டினார். தட்டு வரிசையாகப் போய் டிரைவர் தோளிலும் விழுந்தது. அவர் நிற்கவில்லை. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார், பஸ் போய்விட்டது.

மூன்றாம் நாள் அம்மா நிஜப் பஸ்ஸில் வேலைக்குப் போனார். ஏன் என்று கேட்டேன். காரணம் சொன்னார். “அந்தாளு நான் நிக்கிறத பாத்துட்டே போயிட்டாரு. இத்தன நாள் தங்கச்சி தங்கச்சின்னாரு. எனக்கு அந்த பஸ் வேணாம்.”

நிறுத்தத்தை எடுத்தது நான்தான் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டிவிக்கு மேலே இருந்த என் படம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அம்மா மறுபடி மாலையில் உட்கார்ந்து பாதங்களைப் பார்க்க ஆரம்பித்தார். இன்னும் ஐந்து வாரம். நான் ஏழாம் நம்பரிடம் ஓடினேன், பழையபடி நிறுத்துங்கள் அங்கிள் என்றேன். அதற்கும் லெட்டர் வேண்டும் என்றார். சேர்மன் பாயிடம் ஓடினேன். போன வாரம்தான் ஒரு கடிதத்துக்குச் சாப் அடித்தோம், இந்த வாரம் அதை மாற்றினால் சங்கத்துக்கு என்ன மரியாதை, கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுத்தால்தான் முடியும் என்றார். கூட்டத்துக்கு முன்னறிவிப்பு பதினான்கு நாள். அந்த விதியை எழுதியதும் நான்தான்.

பதினான்கு நாள் கழித்துக் கூட்டம் நடந்தது. சங்க வரலாற்றில் நாற்காலி போதாமல் போன ஒரே கூட்டம் அது. நான்கு நிறுத்தங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் தீர்மானம். ஆனால் பேச்சு வேறு பக்கம் போனது. மூன்றாம் மாடிச் சீனப் பெரியவர் காப்பிக்கடை வாசலில் புது நிறுத்தம் கேட்டார். ரயிலில் இருப்பதுபோல் பெண்களுக்குத் தனிப் பகுதி வேண்டும் என்றார் ஒரு அக்கா. பஸ் ஏன் பாசார் சந்தைக்குப் போவதில்லை என்று ஒருவர் கொதித்தார். இருபத்திரண்டு பேருக்குமேல் ஏற்றும் பெரிய பஸ் வாங்கச் சங்கத்துக்கு வசதி உண்டா என்று இன்னொருவர் நிதானமாகக் கேட்டார். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, பஸ்ஸே கிடையாது, அது வெறும் நடை என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சேர்மன் பாய் மெதுவாகக் கேட்டார்.

“பஸ்ஸே இல்லைன்னா, எதுக்கும்மா ஸ்டாப் கேட்டு கூட்டம் போட்ட?”

நான் உட்கார்ந்து மினிட்ஸ் எழுத ஆரம்பித்தேன். தீர்மானம் நிறைவேறியது.

புதுக் கடிதத்தில் தேதி சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை முதல் ஏழாம் நம்பர் பழையபடி நின்று நின்று போக ஆரம்பித்தார். மூன்றே நாளில் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். அம்மா மட்டும் வரவில்லை. டாக்டரிடம் போக இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. நான் ஏழாம் நம்பரிடம் போய், அம்மா உங்கள்மேல் கோபமாக இருக்கிறார், நீங்கள் ஒரு வார்த்தை கூப்பிட்டால் வருவார் என்றேன். வருவதும் வராததும் பயணியின் இஷ்டம், டிரைவர் வீடு வீடாகப் போய்க் கூப்பிட முடியாது என்றார். கொஞ்சம் யோசித்து, “கம்ப்ளைன் இருந்தா எழுதிக் குடுங்க மேடம். பதில் சொல்ல வேண்டியது என் கடமை” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். இன்ன நாள், இன்ன நிறுத்தம், பயணி மணி அடித்தும் பஸ் நிற்கவில்லை. என் அம்மாவுக்காக என் கையாலேயே.

அன்று மாலை எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஏழாம் நம்பர். சட்டைக்கு அயர்ன் போட்டிருந்தார். கையில் நீளமான உறை. அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உறையை நீட்டினார். விளக்கக் கடிதம். முத்து முத்தான கையெழுத்தில், அலுவலக மலாயில், ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். அம்மா எஸ்டேட் பள்ளிக்கு இரண்டு வருடம் போனதோடு சரி. வாங்கி, ஒருமுறை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “படிச்சு சொல்லு” என்று என்னிடம் கொடுத்தார்.

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மேற்கண்ட நாளில், மேற்கண்ட இடத்தில், பயணி மணி அடித்தது எனக்குக் கேட்டது. நான் பஸ்ஸை நிறுத்தவில்லை. அடுத்த வரியை முதலில் மனதுக்குள் படித்துவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஏழாம் நம்பரோ சுவரைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். வீட்டிலேயே படித்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் விட முடியவில்லை. படித்தேன். சங்கச் செயலாளர் கையெழுத்திட்ட கடிதத்தின்படி அந்த நிறுத்தம் நீக்கப்பட்டிருந்தது.

“செயலாளர்னா நீதானே?”

“ஆமாம்மா.”

அம்மா மீதியையும் படி என்பதுபோல் கையை மட்டும் அசைத்தார். மீதி இரண்டே வரி. ஆனாலும் பயணி குனிந்து நின்றதை நான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தும் போனது என் குற்றம், முப்பத்தொரு வருடத்தில் நான் இப்படிச் செய்ததில்லை.

எந்தக் கண்ணாடி என்று கேட்க எனக்கு வாய் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவர் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து, சாமி மேடையில் வைத்தார். பிறகு ஏழாம் நம்பரிடம், “உக்காருங்கண்ணே, கோப்பி கலக்குறேன்” என்றார்.

அவர் மணியைப் பார்த்தார். “டியூட்டி முடிஞ்சிருச்சு. குடிக்கலாம்” என்று உட்கார்ந்தார்.

மறுநாள் அம்மா ஏறிவிட்டார். நானும் கூடப் போகலாம் என்று விடியற்காலை அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். ஃபுல் மேடம் என்று சொல்லிவிட்டார். இருபத்து மூன்றாவது ஆளாக நான் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னால் போனேன். ஐஸ் கம்பெனி நிறுத்தத்தில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து நாலாம் மாடி அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். இரண்டு நிமிடம் முடிந்ததும், யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் முன்னால் எழுந்தார். நின்று நின்று போனால் இதயத் துடிப்பு கூடுமா என்று அப்போது நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், கிட்டத்தட்ட என் வயது. அவர் தாளைப் படிக்கும்வரை அம்மா செருப்புக்குள் கால் விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். நான் அம்மாவின் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி புதுத் தாளைப் பார்த்தார். இறங்கியிருக்கிறது, ஊசி இப்போதைக்கு வேண்டாம், இப்படியே தொடருங்கள் என்றார். அம்மா என்னிடமிருந்து பையைப் பிடுங்கி மடியில் வைத்து, அதன் வாரைச் சரிசெய்தார். சரியாக இருந்த வாரை இன்னும் கொஞ்ச நேரம் சரிசெய்துகொண்டே இருந்தார்.

டாக்டருக்கு மகிழ்ச்சி. பேனாவைத் திறந்துகொண்டு, தினமும் எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள் என்று கேட்டார்.

“நடக்கவா? எனக்கு எங்க டாக்டர் நேரம்? காலையில எழுந்தா வேலைக்கு ஓடணும்” என்றார் அம்மா. “தெனமும் பஸ்லதான் போறேன்.”

பேனா நின்றது. “பஸ்லயா?”

“ஆமா. நல்லா நின்னு நின்னு போவும். நடுவுல கொஞ்ச நாள் ஓவர் ஸ்பீடு. இப்ப சரியாயிருச்சு.”

டாக்டர் தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “நீங்க படிச்சவங்கதானே, சொல்லுங்க. அம்மா உண்மையிலேயே என்னதான் பண்றாங்க?”

நான் படித்தது எல்லாம் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. மூன்று வருடப் படிப்பு, மூன்று மொழியில். பக்கத்தில் அம்மா என்னைப் பார்க்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

“பஸ்லதான் போறாங்க டாக்டர்” என்றேன். “ஏழாம் நம்பர். ரொம்ப நல்ல பஸ்.”